நாற்பத்தேழு பேரின் இதயத் துடிப்பு

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பெத் இஸ்ரேல் என்றொரு மருத்துவமனை. 1975-ஆம் ஆண்டுக்கும் 1979-ஆம் ஆண்டுக்கும் இடையில், அந்த மருத்துவமனையில் எடுத்த இதயப் பதிவுகளிலிருந்து 47 பேருடையவற்றைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வொரு பதிவும் ஏறத்தாழ அரை மணி நேரம். மொத்தம் 48 பதிவுகள். மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தாரும் இதில் சேர்ந்துகொண்டனர். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட துடிப்புகளை இதய நிபுணர்கள் ஒவ்வொன்றாகப் பார்த்து, 'இது ஒழுங்கான துடிப்பு, இது தாளம் தவறிய துடிப்பு' என்று அடையாளம் இட்டார்கள். 1980-இல் அந்தத் தொகுப்பு உலக ஆராய்ச்சியாளர்களுக்குக் கிடைத்தது. பொறுமையான, போற்றத்தக்க வேலை!

இப்போது ஒரு செய்தி சொல்கிறேன். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. இன்றும் நம் நாட்டில் இதய நோயாளிகளுக்கான செல்பேசிக் கருவி, கைக்கடிகாரக் கருவி என்று டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்பவர்களில் பலர், தாங்கள் எழுதிய கணினி நிரலைச் சோதித்துப் பார்ப்பது இந்த 47 பேரின் துடிப்பை வைத்துத்தான். (டாக்டர் பட்டம் என்றவுடன் ஊசி போடுகிறவர் என்று எண்ணிவிடாதீர்கள். நான் சொல்வது முனைவர் பட்டத்தை.) 'என் முறை நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை சரியாகச் சொல்கிறது' என்ற வரியோடு ஆய்வேடு முடியும். பட்டமும் கிடைத்துவிடும்.

இது போதாது என்பது என் கருத்து. நான் முனைவன் அல்லன். முதுகலை படித்துவிட்டுக் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவன். ஆனால் ஒரு கருவி எங்கே அளக்கும், எங்கே அளக்காது என்பதை மாணவர்களுக்குச் சொல்லித் தருவதே என் தொழில். அந்த உரிமையில் பேசுகிறேன்.

காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரை நீங்கள் அறிந்திருப்பீர்கள். அங்கே பொறியியல் கற்பிக்கும் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஒரு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. சற்றுத் தள்ளிக் காஞ்சிபுரத்துக்குள் நுழைந்தால் பிள்ளையார்பாளையம். வீட்டுக்குள்ளே தறி, தறிக்கு முன்னே நெசவாளர். கருவி செய்யத் தெரிந்தவர், நோயை அறிந்தவர், நோய் வரக்கூடியவர் ஆகிய மூவரும் ஒரு சைக்கிள் தூரத்துக்குள் இருக்கிறார்கள்! இப்படி ஓர் ஊர் அமைவது எளிதல்ல. இங்கிருந்து ஒரு மாணவி இதயக் கருவி செய்யப் புறப்பட்டால் எப்படித் தொடங்க வேண்டும்? இதைத்தான் உங்களோடு சேர்ந்து யோசிக்கப் போகிறேன்.

முதலில் கொஞ்சம் இயற்பியல் பார்ப்போமா?

இதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் ஒரு சிறு மின்னலை அதன் தசைகளில் பரவுகிறது. அதன் சாயல் தோல் வரை வந்து சேரும். தோலில் அதன் அளவு ஏறத்தாழ ஒரு மில்லிவோல்ட். கைவிளக்குக்குப் போடும் பாட்டரியின் அழுத்தத்தில் ஆயிரத்து ஐந்நூறில் ஒரு பங்கு. இதை முதன்முதலில் தெளிவாக வரைந்து காட்டியவர் ஹாலந்து நாட்டின் லெய்டன் நகரில் இருந்த வில்லம் ஐந்தோவன். 1900-களின் தொடக்கத்தில் அவர் அமைத்த கருவி ஏறக்குறைய 270 கிலோ எடை. இயக்குவதற்கு ஐந்து பேர் தேவை. நோயாளி இரு கைகளையும் ஒரு காலையும் உப்புநீர்த் தொட்டிகளில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். இதற்காக 1924-இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஆனால் அவர் வாழ்க்கையில் என்னைக் கவர்ந்தது வேறொன்று. கருவியோ ஆய்வுக்கூடத்தில், நோயாளிகளோ ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி மருத்துவமனையில். 270 கிலோ இரும்பைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? நெஞ்சு வலிக்காரரைத்தான் நடக்கச் சொல்ல முடியுமா? 1905-இல் ஐந்தோவன் மருத்துவமனைக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் இடையே தொலைபேசிக் கம்பி வழியாக இதயத் துடிப்பை அனுப்ப வைத்தார்! ஆக, தொலைவிலிருந்து இதயத்தைப் பார்ப்பது நேற்று வந்த செல்பேசி வித்தை அல்ல, இ.சி.ஜி. பிறந்த சில ஆண்டுகளிலேயே அதுவும் பிறந்துவிட்டது. நோயாளி இருக்கும் இடத்தைக் கண்டு கருவி வளைந்து கொடுத்தது. பிறகு 1949-இல் நார்மன் ஹோல்டர் என்ற அமெரிக்க இயற்பியலாளர், நடமாடும் மனிதனின் இதயத் துடிப்பை வானொலி அலை வழியாக அனுப்பும் கருவியைச் செய்தார். அது முதுகில் சுமக்கும் மூட்டை, 38 கிலோ! இன்று அதே வேலை ஒரு கைக்கடிகாரத்துக்குள் அடங்கிவிட்டது. எடைப் பிரச்சினை தீர்ந்தது. மற்றப் பிரச்சினைகள் தீர்ந்தனவா?

தறிக்குப் போவோம். குழித்தறியில் நெசவாளர் காலைக் குழிக்குள் விட்டு உட்காருகிறார். மிதிகட்டையை அழுத்துகிறார், பாவு இழைகள் பிரிகின்றன, நாடா ஓடுகிறது, பலகையை இழுத்து ஊடையை அடிக்கிறார். மறுபடி மிதி, மறுபடி நாடா, மறுபடி அடி. இந்தத் தாளம் நாள் முழுவதும் நடக்கும்.

இவர் மணிக்கட்டில் ஒரு நாடிக் கடிகாரத்தைக் கட்டுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் அடியிலிருந்து பச்சை ஒளி தோலுக்குள் செல்கிறது. ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். இதயம் துடித்து ரத்தம் பெருகும்போது திரும்பி வரும் ஒளி குறையும். அடுத்த கணம் கூடும். இந்த ஏற்ற இறக்கத்தை எண்ணித்தான் கடிகாரம் 'நாடி 72' என்கிறது. நிமிடத்துக்கு 72 என்றால் நொடிக்கு 1.2 முறை. அதாவது 1.2 ஹெர்ட்ஸ்.

கை அசைந்தால் கடிகாரமும் தோலும் உரசி, ஒளி வேறு காரணத்தாலும் ஏறி இறங்கும். வேண்டாத சைகையை வடிகட்டிவிடலாமே என்பீர்கள். சுவரிலுள்ள மின்கம்பியிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை அப்படித்தான் வடிகட்டுகிறார்கள். 1.2-க்கும் 50-க்கும் தூரம் அதிகம், பிரிப்பது சுலபம். ஆனால் நொடிக்கு ஒரு முறை, ஒன்றரை முறை என்று தாளம் தவறாமல் கை அசையும் எந்த வேலையும் நாடித்துடிப்பின் அதிர்வெண்ணுக்கு அருகிலேயே விழுந்துவிடும். வீட்டில் அரிசி சலிப்பதைப் பார்த்திருப்பீர்கள். குருணை கீழே விழும். பெரிய கல் மேலே தங்கும். அரிசியின் அளவிலேயே ஒரு கல் இருந்தால் சல்லடை என்ன செய்யும்? அதைக் கண்ணால் பார்த்துத்தான் பொறுக்க வேண்டும். கருவியிலும் அப்படியே. அசைவைத் தனியே அளக்கும் முடுக்கமானி ஒன்றை உள்ளே வைத்து, 'இவ்வளவு அசைவால் வந்தது' என்று கழித்துப் பார்க்கிறார்கள். நடப்பவர், ஓடுபவர் விஷயத்தில் இது ஓரளவு நடக்கிறது. அவர்களை வைத்துப் பழக்கப்பட்ட கருவி அது. குழித்தறியில் உட்கார்ந்தவரை வைத்து யாராவது பழக்கினார்களா? மேலும், பட்டு இழைக்கு மேலே கை போய் வரும் ஒருவர் கடிகாரப் பட்டையை எத்தனை நேரம் கட்டியிருப்பார்? மே மாத வியர்வையில் மார்பில் ஒட்டிய இ.சி.ஜி. பட்டை எத்தனை மணி நேரம் நிற்கும்? பாஸ்டன் தொகுப்பில் இவற்றுக்கு விடை கிடையாது.

தோலின் நிறமும் ஒரு விஷயம். விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜனை அளக்கும் கருவியைக் கொரோனா நாட்களில் எல்லாரும் பார்த்தோம். அதுவும் ஒளியால் அளப்பதே. 2020-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று, ஆக்சிஜன் குறைந்திருந்தும் கருவி 'சரியாக இருக்கிறது' என்று காட்டும் தவறு வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம் என்று காட்டியது. ஒளி நிறமிகளைக் கடந்துதான் ரத்தத்தை அடைகிறது என்பது ஒன்றும் புதிய இயற்பியல் அல்ல! பல ஆண்டுகள் மருத்துவமனைகளில் புழங்கிய பிறகே இந்தத் தவற்றின் அளவு பளிச்சென்று வெளிப்பட்டது. நம் ஊர்த் தோலில் சோதிக்காத ஒளிக்கருவியை நம் ஊர் நோயாளிக்குக் கட்டலாமா? கூடாது என்பேன்.

சரி, கருவி நன்றாகவே அளக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தொண்ணூற்றைந்து விழுக்காடு சரி. இது நல்ல மதிப்பெண்தானே? ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். உங்கள் பள்ளியில் 1,000 பேர். அவர்களில் 2 பேருக்கு மட்டும் இதயத் தாளக் கோளாறு என்று வைத்துக்கொள்ளுங்கள். கருவி அந்த 2 பேரையும் பிடித்துவிட்டது. மீதி 998 பேரில் நூற்றுக்கு ஐவரைத் தவறாகப் பிடிக்கும். அதாவது சுமார் 50 பேர். மொத்தம் 52 வீடுகளில் அன்று இரவு சோறு இறங்காது. உண்மையில் நோய் இருப்பது இரண்டே வீட்டில்!

இது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. அமெரிக்காவில் ஒரு கைக்கடிகாரத்தைக் கொண்டு 4,19,297 பேரிடம் பெரிய ஆய்வு நடத்தி 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். 'உங்கள் நாடி ஒழுங்கற்றிருக்கிறது' என்ற எச்சரிக்கை சுமார் 2,160 பேருக்கே சென்றது. இந்தக் கட்டுப்பாட்டைப் பாராட்டத்தான் வேண்டும். அவர்களில் 450 பேர் மார்பில் இ.சி.ஜி. பட்டை அணிந்து பதிவைத் திருப்பி அனுப்பினார்கள். 100-க்கு 34 பேரிடம்தான் அந்தக் கோளாறு பட்டையில் தெரிந்தது. விட்டு விட்டு வரும் கோளாறு ஆதலால், மற்றவர்களுக்கு இல்லவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. நெசவாளருக்கு இப்படி ஓர் எச்சரிக்கை வந்தால் என்ன ஆகும்? ஒரு நாள் மருத்துவமனை என்றால் ஒரு நாள் தறி நிற்கும். தறி நின்றால் அந்த நாளின் கூலி இல்லை. வீண் எச்சரிக்கையின் விலையைக் கொடுப்பது கருவி செய்தவர் அல்லர்.

எச்சரிக்கை உண்மையாகவே இருந்தாலும், அதைக் கேட்டு எழுந்து வருகிறவர் யார் என்ற கேள்வி நிற்கிறது. இதில் இரண்டு ஆய்வுகளை உங்களுக்குச் சொல்ல வேண்டும். இரண்டுமே இதயச் செயலிழப்பு நோயாளிகளைப் பற்றியவை. இதயம் ரத்தத்தை இறைக்கும் திறன் குறைந்து, உடம்பில் நீர் தங்கி, கால் வீங்கி, மூச்சு முட்டும் நோய் அது.

முதலாவது அமெரிக்காவில் நடந்து 2010-இல் வெளியானது. 1,653 நோயாளிகள். அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் தினமும் தொலைபேசியில் கூப்பிட்டு, இயந்திரக் குரல் கேட்கும் கேள்விகளுக்குப் பொத்தானை அழுத்தித் தங்கள் எடையையும் உடல்நிலையையும் சொல்ல வேண்டும். மருத்துவர் தரப்பில் வேலை நாட்களில் அதைப் பார்ப்பார்கள். ஆறு மாதத்தில் மறுபடி மருத்துவமனையில் சேர்ந்தவர்களும் இறந்தவர்களும் அந்தக் குழுவில் 52.3 விழுக்காடு, சாதாரணக் கவனிப்பில் இருந்தவர்களில் 51.5 விழுக்காடு. பலன் ஒன்றும் இல்லை! ஏன் என்பதற்கு ஒரு குறிப்பு அந்த ஆய்விலேயே கிடைக்கிறது. தொலைபேசிக் குழுவில் சுமார் 14 விழுக்காட்டினர் ஒரு முறைகூடக் கூப்பிடவில்லை. கடைசி வாரத்தில் வாரத்துக்கு மூன்று முறையேனும் கூப்பிட்டவர்கள் 55 விழுக்காடு மட்டுமே. இயந்திரத்தோடு எத்தனை நாள்தான் பேசுவது?

இரண்டாவது ஜெர்மனியில் பெர்லின் நகரின் ஷாரிட்டே மருத்துவமனை முன்னின்று நடத்தி, 2018-இல் வெளியானது. 1,500-க்கும் சற்று மேற்பட்ட நோயாளிகள். வீட்டிலிருந்தே தினமும் எடை, ரத்த அழுத்தம், இ.சி.ஜி., ஆக்சிஜன் எல்லாம் அனுப்பினார்கள். இந்த முறை மறுமுனையில் இருபத்துநான்கு மணி நேரமும் மருத்துவரும் செவிலியரும் இருந்தார்கள். எடை திடீரென்று ஏறினால் அவர்களே கூப்பிட்டு விசாரித்தார்கள். மாத்திரையை மாற்றச் சொன்னார்கள். சாதாரணக் கவனிப்பில் ஆண்டுக்கு நூற்றுக்குச் சுமார் 11 பேர் இறந்தார்கள் என்றால், இந்தக் குழுவில் சுமார் 8 பேர். இரண்டு ஆய்வுகளிலும் நோயாளிகளைத் தேர்ந்தெடுத்த விதமும் கருவிகளும் வேறு வேறு. ஆகவே எல்லாப் பெருமையையும் அந்தச் செவிலியருக்கே கொடுத்துவிடக் கூடாது. ஆனால் பெரும்பங்கு அவர்களுடையது என்றே நான் நினைக்கிறேன்.

நம் தமிழ்நாட்டிலேயே இதற்கு நல்ல சான்று உண்டு. 2012-லிருந்து 2014 வரை, கோயம்புத்தூரைச் சேர்ந்த டாக்டர் தாமஸ் அலெக்ஸாண்டர், சென்னையைச் சேர்ந்த டாக்டர் அஜித் முள்ளசாரி முதலியோர் தமிழ்நாட்டில் ஒரு முயற்சி செய்து பார்த்தார்கள். மாரடைப்பில் இதயத்தின் ரத்தக்குழாய் முழுவதுமாக அடைபட்டால் ஒவ்வொரு நிமிடமும் தசை செத்துக்கொண்டிருக்கும். அடைப்பை நீக்கும் வசதி பெரிய மருத்துவமனையில். நோயாளியோ சின்ன ஊரில். 4 பெரிய மருத்துவமனைகளை நடுவில் வைத்து, 35 சிறிய மருத்துவ நிலையங்களைச் சக்கரத்தின் ஆரக்கால்கள் போல அவற்றோடு இணைத்தார்கள். சின்ன ஊரில் எடுத்த இ.சி.ஜி. உடனே பெரிய மருத்துவமனைக்குப் போகும். அங்கிருந்து பதில் வரும். கட்டியைக் கரைக்கும் மருந்தைச் சின்ன ஊரிலேயே கொடுத்துவிட்டு, நோயாளியை ஆம்புலன்சில் அனுப்புவார்கள். 2,420 நோயாளிகளைக் கவனித்தார்கள். திட்டத்துக்கு முன் ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 விழுக்காடு, திட்டம் வந்த பின் 14.2 விழுக்காடு. முடிவு 2017-இல் வெளியானது. நூறு பேரில் மூன்று பேர் கூடுதலாக வீடு திரும்பி ஓராண்டைக் கடந்தார்கள் என்று இதைப் படியுங்கள்.

இதில் பயன்பட்ட மின்னணுவியல் என்ன? ஐந்தோவன் கம்பியில் அனுப்பினார். இவர்கள் கம்பியில்லாமல் அனுப்பினார்கள். உயர்ந்த கணிதம் ஒன்றும் இல்லை. இ.சி.ஜி.யை எங்கே எடுப்பது, யார் பார்ப்பது, எத்தனை நிமிடத்தில் பதில் சொல்வது, வண்டி எங்கே நிற்பது என்பதையெல்லாம் உட்கார்ந்து யோசித்து அமைத்திருந்தார்கள். இதுவும் வடிவமைப்புத்தான். இதற்கு ஏன் ஒரு டாக்டர் பட்டம் கொடுக்கக் கூடாது? பல்கலைக்கழகங்கள் நிரலுக்குக் கொடுக்கும் மதிப்பை இந்த யோசனைக்கும் கொடுக்க வேண்டும் என்று நான் வாதாடுவேன்.

ஏனாத்தூர் மாணவிக்கு வருகிறேன். முதல் ஆறு மாதம் அவள் கணினியைத் திறக்க வேண்டாம். பிள்ளையார்பாளையத்தில் நோயாளிகள் வீட்டில் போய் உட்காரட்டும். செல்பேசி யாருடையது? பையன் வேலைக்குப் போகும்போது அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டால், பகலில் வரும் எச்சரிக்கையைப் பார்ப்பவர் யார்? அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்றால் திரையில் எழுத்து எதற்கு, குரல் போதாதா? 'ஒழுங்கற்ற துடிப்பு' என்று சொன்னால் பயப்படுவார்களா, சும்மா இருந்துவிடுவார்களா? மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-இல் தொடங்கியதிலிருந்து ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீட்டுக்கே மருந்து கொண்டு வருகிறார்கள் அல்லவா? அவர்கள் கையில் இந்தக் கருவியைக் கொடுத்தால் என்ன? அவர்களுக்கு ஏற்கெனவே எத்தனை வேலை இருக்கிறது? இவற்றுக்கு விடை தெரிந்த பிறகு பாஸ்டன் தொகுப்பையும் எடுத்துக்கொள்ளட்டும்; நிரலின் அடிப்படைப் பிழைகளைக் கண்டுபிடிக்க அது மிகவும் உதவும்.

'இப்படி ஆறு மாதம் வீணாக்கினால் ஆய்வேட்டை எப்போது முடிப்பது?' என்று அவளுடைய வழிகாட்டி கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். உதவித்தொகைக்குக் காலக்கெடு உண்டு. கட்டுரை வெளியானால்தான் பட்டம் என்ற நிலையும் பல இடங்களில் உண்டு. விதியை மாற்ற வேண்டியவர்கள் மாணவர்கள் அல்லர் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. கைக்கடிகாரம் எடுக்கும் இ.சி.ஜி. ஒரே கோணத்திலிருந்து பார்ப்பது. ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரத்தைத் தெருவில் ஓரிடத்தில் நின்று பார்த்தால் பின்பக்கம் தெரியுமா? மருத்துவமனையில் பன்னிரண்டு கோணங்களில் பார்க்கிறார்கள். ஆகவே கடிகாரம் 'சரி' என்று காட்டினாலும் மாரடைப்பு இல்லை என்று பொருளாகாது. வீட்டில் யாருக்காவது நெஞ்சில் அழுத்தம், இடது கையிலோ தாடையிலோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை, மூச்சுத் திணறல் என்றால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள்; 108-ஐக் கூப்பிடுங்கள்.

உங்களால் இப்போதே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. நாடி காட்டும் கைக்கடிகாரம் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்குங்கள். தறி நெய்பவர், மாவு பிசைபவர், மரம் இழைப்பவர், சைக்கிள் மிதிப்பவர் என்று நலமாக உள்ள நான்கைந்து பேரின் சம்மதம் கேட்டுக் கட்டிவிடுங்கள். ஐந்து நிமிடம் வேலை செய்யட்டும். கடிகாரம் காட்டும் எண்ணைக் குறித்துக்கொண்டு, உடனே வேலையை நிறுத்தச் சொல்லி, மறு கையின் நாடியை விரலால் 15 நொடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். அவர் நிமிடத்துக்கு எத்தனை முறை கையை அசைத்தார் என்பதையும் எண்ண மறக்காதீர்கள். கடிகாரம் சில வேளை நாடிக்குப் பதிலாக அதைத்தான் எண்ணிக்கொண்டிருக்கும். பெயர் வேண்டாம். என்ன வேலை, விரல் சொன்ன எண், கடிகாரம் சொன்ன எண், கை அசைந்த எண் என்று நான்கு பத்தியில் ஓர் அட்டவணை போட்டு உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.